போச்சே ஆட வந்த இருவர்

பெற்றீசியா இத்தாலியிலிருந்து வந்திறங்கிய அன்று அவளுடைய பெட்டியைத் திறக்கும்போது, தேயிலைத் தோட்டத்து லயத்தில் பாதிப் பேர் வாசலில் கூடிவிட்டார்கள். சொக்லட் வரும், சென்ட் வரும் என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வந்தது ஒன்பது பந்து. நாலு சிவப்பு, நாலு பச்சை, எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வெள்ளை. பெரிய பந்து ஒவ்வொன்றும் ஒரு கிலோ இருக்கும்.

"ஏழு வருசம் கழிச்சு வாறவ கல்லயா தூக்கிட்டு வருவா?" என்று அவளுடைய நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

பெற்றீசியா அங்கே ஒரு கிழவரைப் பராமரித்தவள். தினமும் மாலையில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போச்சே என்ற பந்தாட்டம் ஆடும் களத்துக்குப் போவாள். ஆட்டம் முடியும்வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பாள். ஏழு வருடத்தில் ஒரு பந்தைக்கூட அவள் எறிந்ததில்லை. கிழவர் இறந்த பிறகு, ஞாபகமாக எதையாவது எடுத்துக்கொள் என்று அவருடைய மகள் சொன்னபோது, இந்தப் பந்துகளைத்தான் கேட்டு வாங்கினாள்.

வாசலில் நின்றவர்களில் சொக்லட்டைப் பற்றிக் கேட்காதவள் பக்கத்து வீட்டு ஜீவராணி மட்டும்தான். முப்பத்தொன்பது வயது, கொழுந்து பறிப்பவள்.

"இத எப்புடிக்கா ஆடுறது?"

"முதல்ல இந்த வெள்ளக் குட்டிய எறியணும். அப்புறம் ஆளுக்கு ரெண்டு பந்து, ஒரு பக்கம் ரெண்டு பேரு. குட்டிக்குக் கிட்ட யாரு நிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் புள்ளி, எதிராளியோட பந்தவிடக் கிட்ட நிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் ஒண்ணு. தூர நிக்கிறவங்கதான் அடுத்துப் போடணும். பன்னெண்டு எடுத்தா வெற்றி."

ஜீவராணி பச்சைப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். தோட்டத்துப் பொங்கல் விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கு எப்போதும் மூன்றே போட்டிகள்தான்: தேசிக்காய்க் கரண்டி ஓட்டம், சங்கீதக் கதிரை, தேங்காய் துருவுதல். தேங்காய் துருவுவதில் அவள் இரண்டு வருடம் முதலாவதாக வந்து இரண்டு பிளாஸ்டிக் பேசின் வாங்கியிருந்தாள்.

அன்றைக்கே விளையாட்டுக் கழகச் செயலாளர் ஜெயகாந்தனைத் தேடிப் போனாள். "தேங்கா துருவுறத நான் தினமும் வீட்ல செய்றேன் தம்பி. அதுக்குப் பரிசு வேணாம். இந்த ஆட்டத்தப் போடுங்க."

"பேரு என்னக்கா?"

"போச்சே."

ஜெயகாந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆடுறதுக்கு முந்தியே போச்சா?" ஆனால் கெட்டவன் இல்லை. "சரி, எங்களோட ஆடிக் காட்டுங்க. நாங்களும் புதுசுதான், நீங்களும் புதுசுதான். ஜெயிச்சா போட்டியில சேத்துர்றேன்."

நவம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்தில் ஆடினார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் மண் தரை அது. ஜெயகாந்தன் கிரிக்கெட்டில் சுழற்பந்து போடுபவன். அவனுக்குத் துணையாக வந்த சுமன் வேகப்பந்துக்காரன். பெண்கள் ஒவ்வொரு பந்தையும் குட்டியை நேராகக் குறிவைத்து எறிந்தார்கள். பந்துகள் குட்டியைத் தாண்டி ஓடி, களத்தோரத்து மழைநீர்க் கானில் விழுந்தன. ஒருதரம் பெற்றீசியாவின் நல்ல பந்தை ஜீவராணியே இடித்துத் தள்ளினாள். பன்னிரண்டுக்கு ஒன்று என்று முடிந்தது.

"பொங்கலுக்கு முந்தி இன்னொரு தடவ ஆடுவோம் தம்பி," என்றாள் ஜீவராணி. ஜெயகாந்தனுக்கு ஆட்டம் பிடித்துப்போயிருந்தது. சரியென்றான்.

மறுநாள் மாலை கொழுந்து நிறுத்துக் கொடுத்ததும் இருவரும் களத்துக்குப் போனார்கள். தூறல் விடவில்லை. ஜீவராணி ஈரம் படாமல் இடுப்பில் கட்டிய படங்குத் துணியை அவிழ்க்காமலே நின்றாள்.

"அந்தக் கெழவரு என்ன சொல்லுவாருக்கா?"

"எனக்கு எதுவும் சொல்லல. மத்தவங்களப் பாத்துக் கத்துவாரு. முன்னாடி நிறுத்து, தாண்டிப் போகாதன்னு."

அதைச் செய்து பார்த்தார்கள். குட்டியைத் தாண்டிய பந்து எதற்கும் உதவவில்லை. ஒரு அடி முன்னால் நின்ற பந்து எதிரிக்கு வழியை மறைத்தது; பின்னால் இன்னொன்று வந்து தட்டினால் அதுவே குட்டியிடம் நகர்ந்தது. முதல் பந்து எப்போதும் முன்னால்தான் நிற்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தார்கள். அதைப் போடுவது பெற்றீசியா. அவளுடைய கை நிதானமான கை.

ஜீவராணிக்கு வலது தோள்பட்டையில் வலி. தூர எறிய முடியாது. அதனால் குந்தி உட்கார்ந்து உருட்டிப் பழகினாள். தரை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பிடிபடாமல், ஒருநாள் ஒரு வாளித் தண்ணீரைக் களத்தின் நடுவில் ஊற்றினாள். தண்ணீர் நேராகப் போகவில்லை. பாதி தூரம் போய் இடப்பக்கம் வளைந்து கானில் இறங்கியது.

"பாத்தீங்களாக்கா, நம்ம பந்தும் இப்படித்தான் போயிருக்கு. இனிமே மேட்டுப் பக்கமாப் போட்டு இறங்க விடணும்."

மழையிலும் போனார்கள். வீட்டில் சமையல் தாமதமானது. ஜீவராணியின் கணவன் அழகன் இரண்டு நாள் முணுமுணுத்தான். மூன்றாம் நாள் தானே பருப்பை அடுப்பில் வைத்தான். தோள்வலி கூடிய வாரத்தில் அவள் இடது கையால் உருட்டினாள்.

பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். களத்தைச் சுற்றி ஐம்பது பேராவது நின்றார்கள். குட்டியை எறியும் முறை, முந்திய சுற்றில் வென்றவர்களுக்கு. பெண்கள் வென்றபோதெல்லாம் ஜீவராணி அதைக் கிட்டத்தில், மேட்டோரமாகப் போட்டாள். ஆண்கள் வென்றபோதெல்லாம் அதைத் தூரத்துக்கு எறிந்தார்கள். புள்ளிகள் மாறி மாறி ஏறி, ஆண்கள் பதினொன்று, பெண்கள் பத்து என்று வந்து நின்றது.

அடுத்த சுற்றில் ஆண்களின் நாலு பந்தும் முடிந்துவிட்டன. ஜீவராணியின் சிவப்புப் பந்து குட்டியிலிருந்து ஒரு சாண். சுமனின் பச்சை ஒன்றரைச் சாண். ஜீவராணியின் கையில் இன்னும் ஒரு பந்து இருந்தது. அதையும் பச்சைக்கு உள்ளே கொண்டுபோனால் இரண்டு புள்ளி. ஆட்டம் அங்கேயே முடியும்.

"போடுக்கா! போடு!" என்று கூட்டம் கத்தியது.

அவள் குந்தினாள். குட்டியையும் இரண்டு பந்துகளையும் பார்த்தாள். இடைவெளி கொஞ்சம்தான். கை சற்றுப் பிசகினால் தன் பந்தையே தள்ளிவிடலாம், அல்லது குட்டியைப் பச்சையிடம் அனுப்பிவிடலாம். அந்த இரண்டாவது புள்ளி வேண்டும் என்று மனம் துடித்தது.

"என்னக்கா செய்ய?"

"உன் கையி, உன் முடிவு," என்றாள் பெற்றீசியா.

ஜீவராணி எழுந்து, பந்தை வேண்டுமென்றே ஓரமாகக் கானுக்குள் உருட்டிவிட்டாள். கூட்டம் வாய்விட்டுச் சலித்துக்கொண்டது. யாரோ, "பயந்துட்டாங்க," என்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு புள்ளி கைக்கு வந்துவிட்டது. பதினொன்றுக்குப் பதினொன்று. அதைவிட, அடுத்த சுற்றுக்குக் குட்டி அவள் கையில்.

மறுபடியும் கிட்டத்தில், மேட்டோரமாகப் போட்டாள். பெற்றீசியாவின் பந்து ஒரு அடி முன்னால் நின்றது. ஜெயகாந்தனின் முதல் பந்தைச் சரிவு இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவதை அவன் அழகாகச் சுழற்றி, குட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினான். கைதட்டல். பெற்றீசியாவின் அடுத்த பந்து எட்டவில்லை.

இப்போது ஜீவராணி. குட்டியைப் பார்க்கவே இல்லை அவள். முன்னால் நின்ற பெற்றீசியாவின் பந்தைத்தான் பார்த்தாள். மேட்டுப் பக்கமாக உருட்டினாள். பந்து மெதுவாக இறங்கி வந்து அதன் முதுகில் தட்டியது. அது நகர்ந்து, நகர்ந்து, குட்டிக்கு நாலு விரல் தூரத்தில் நின்றது.

சுமனிடம் இரண்டு பந்து. முதலாவது வேகமாகப் போய் எதிலும் படவில்லை. இரண்டாவதை இன்னும் ஓங்கி எறிந்தான். அது ஜெயகாந்தனின் பந்தை அடித்துக் கானுக்குள் தள்ளியது.

பன்னிரண்டுக்குப் பதினொன்று, பெண்கள் வென்றார்கள். பெற்றீசியா சிலுவை போட்டுக்கொண்டாள். ஜீவராணி போடாத கடைசிப் பந்தைக் கீழே வைத்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயகாந்தன் வந்து கைகொடுத்து எழுப்பினான். "முந்தின சுத்துல அந்தப் பந்த ஏங்க்கா கான்ல விட்டு வீணாக்குனீங்க?"

"வீணாக்கல தம்பி. கையில இருக்கிற புள்ளிய விட்டுறக் கூடாதுன்னு போடாம விட்டேன்."

பொங்கல் போட்டியில் ஏழு சோடிப் பெண்கள் பேர் கொடுத்தார்கள். இரண்டாவது சுற்றிலேயே ஜீவராணியும் பெற்றீசியாவும் தோட்டத்தின் கீழ் டிவிசனைச் சேர்ந்த நாகலெட்சுமியிடமும் அவளுடைய மருமகளிடமும் தோற்றார்கள். அவர்களும் முதல் பந்தை முன்னால் நிறுத்தினார்கள். மேட்டுப் பக்கமாகவே உருட்டினார்கள். சுற்றி நின்று பார்த்தே படித்திருந்தார்கள்.

ஜீவராணிக்கு ஆத்திரமாக வந்தது. பரிசளிப்பு முடியும்வரை பந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நேராக நாகலெட்சுமியிடம் போனாள்.

"புதன்கிழம கொழுந்து நிறுத்ததும் மேல வாங்க. இன்னொரு ஆட்டம் ஆடுவோம்."

"மழ பேஞ்சா?"

"பேஞ்சாலும்தான்."