மாலை கழற்றிய பின் ஒரு சிவப்பு

பீரோவின் இரண்டாம் தட்டிலிருந்து அந்தச் சேலையைச் சத்தம் வராமல் உருவினாள் கலைமணி. சொந்தச் சேலைதான். ஆனாலும் திருட்டு.

கொல்லையில் அம்மா கொளஞ்சியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே வருவதற்குள் கட்டி முடிக்க வேண்டும். கொசுவம் வைத்தாள், ஊக்கு குத்தினாள். "போயிட்டு வரேம்மா!" என்று வாசலிலிருந்தே கத்திவிட்டு, குரும்பலூர் பஸ் நிறுத்தத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ரத்தச் சிவப்பு. கரை இல்லை, பூ இல்லை. சக்தி மாலை போட்டு விரதம் இருக்கிற பெண்கள் கட்டும் சேலை; கட்டியவளை ஊரே 'சக்தி' என்றுதான் கூப்பிடும். போன வாரமே இருமுடி செலுத்தியாயிற்று, மாலையும் கழற்றியாயிற்று. அடுத்த தை வரைக்கும் மடித்தே இருக்க வேண்டிய துணி அது.

ஆனால் இன்று அரியலூரில் புது உரக்கடை திறக்கிறார்கள்.

விரத நாள் ஒன்றில்தான் அது நடந்தது. பெரம்பலூர் உரக்கடையில் பில் போடும் கலைமணி, முதலாளி பாலசுந்தரத்தின் முன்னால் போய் நிமிர்ந்து நின்றாள். "அரியலூர் கடைய நான் பாத்துக்குறேன் சார்." பேசியது தானா என்று அவளுக்கே சந்தேகம். அவர் தலையாட்டிவிட்டார். "தொறப்பு அன்னைக்கு வந்துரும்மா. கம்பெனி மேனேஜர் வர்றாரு. அவருக்கும் புடிக்கணும்."

கேட்டவள் சிவப்புக் கட்டிய கலைமணி. சாம்பல், பிஸ்கட், சந்தனம் என்று வெளுத்த நிறங்களாகக் கட்டுகிற மற்ற நாள் கலைமணியோ, பஸ்ஸில் யார் முண்டினாலும் ஒதுங்கி வழிவிடுகிறவள். எந்தக் கலைமணி இன்று அரியலூர் போவது?

பத்தாவது படித்தபோது தீபாவளிக்கு ஆசை ஆசையாகச் சிவப்புத் தாவணி கட்டி வந்தாள். தெருவே கேட்கச் சிரித்தாள் அத்தை பொன்னாயி. "ஏண்டி, அடுப்புக்கரியில குங்குமத்தக் கொட்டுன மாதிரில்ல இருக்கு! கறுப்புக்கு வெளுத்த கலருதான்டி எடுக்கும்."

அன்றோடு சரி. தை மாதம் மட்டும் விலக்கு. மாலை போட்டவளிடம் நிறம் எடுக்குது எடுக்கலை என்று எவளும் பேசமாட்டாள். சாமிக் குத்தம்! அந்தக் கொஞ்ச நாளுக்காக வருடம் முழுக்க ஏங்கிக் கிடந்தாள் கலைமணி. பக்தி என்று அம்மா நினைத்தாள். பக்தியும்தான்.

பெரம்பலூரில் பஸ் மாறினாள். அரியலூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. பூக்கூடைக்காரம்மா ஒருத்தி கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

"வாங்க சக்தி, உக்காருங்க. கோயிலுக்கு எப்பங்க?"

"போயிட்டு வந்துட்டேங்க."

பூக்காரியின் பார்வை சட்டென்று கலைமணியின் கழுத்துக்குப் போனது. மாலை இல்லை.

"அப்ப சும்மாத்தான் கட்டிருக்கியா?" 'ங்க' காணாமல் போயிருந்தது. "ஒன் நெறத்துக்குச் சந்தனக் கலரு கட்டுனா எடுப்பா இருக்கும் புள்ள."

கலைமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிமெண்ட் லாரி ஒன்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போனது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கே திரும்பிவிடலாமா? பஸ் நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் கிளம்பியது.

புதுக் கடையில் பெயிண்ட் வாசனை. கம்பெனி மேனேஜர் அருள்முருகன் அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டார்.

"வாங்க சக்தி! எங்க வூட்டுலயும் மாலை போட்டிருக்காங்க. பாலசுந்தரம் சார், இவங்ககிட்ட குடுத்துட்டா பயமே இல்ல. விரதக்காரங்க!"

பாலசுந்தரத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. கேக் தட்டு சுற்றி வந்தது. அவளிடம் வந்ததும் அருள்முருகனே கை நீட்டித் தடுத்தார். "முட்டை போட்டதும்மா. நீங்க விரதமாச்சே?"

ஆமாங்க. ஒரே ஒரு சொல். சொன்னால் சாவி கையில். ஆனால் அந்தச் சாவி சக்திக்கு. நாளைக் காலையில் ஷட்டர் தூக்க வரப்போகிறவள் கலைமணி. அவளை இவர் இன்னும் பார்க்கவே இல்லையே?

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"விரதம் இல்லிங்க சார். மாலை கழட்டியாச்சு."

பாலசுந்தரத்தின் சிரிப்பு நின்றது. "அப்பறம் எதுக்கும்மா இந்தச் சேலை?"

"எனக்குப் புடிச்ச கலர் சார்."

சொல்லிவிட்டாள். பொன்னாயியின் சிரிப்புக்காகக் காது காத்திருந்தது. ஃபேன் சத்தம்தான் கேட்டது.

அருள்முருகன் அவளை ஒரு தடவை பார்த்தார். தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"அப்ப சாப்புடுங்க. சரி, பேரு என்ன?"

"கலைமணி."

"கலைமணி, நாளைக்கு எத்தன மணிக்கு ஷட்டர் தொறப்பீங்க?"

"ஒம்பதுக்குங்க."

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியபோது கைப்பையில் சாவி கனத்தது. போன் அடித்தது. அம்மா.

"அந்தச் சேலை எங்கடி?"

"கட்டிக்கிட்டு வந்துட்டேம்மா."

வசவுக்குத் தயாரானாள். வரவில்லை.

"எப்பிடிடி இருந்துச்சு?" அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "கல்யாணமாகி மொதத் தீபாவளிக்கு நானும் அரக்குச் செவப்புல சேலை கேட்டேன். பொன்னாயி வெளுத்த ரோசுல எடுத்தாந்து குடுத்தா. ஒனக்கு இதுதான் எடுக்கும்னா."

பெரம்பலூர் பஸ் நகரத் தொடங்கியது. "ஏறுங்க, ஏறுங்க!" என்றார் கண்டக்டர். கலைமணி ஏறவில்லை. எதிரே ஒரு ஜவுளிக்கடை திறந்திருந்தது.

"இப்ப சொல்லும்மா. எந்தக் கலரு எடுக்கட்டும் ஒனக்கு?"

போனைக் காதில் வைத்தபடியே சாலையைக் கடந்தாள்.

"அரக்கு," என்றாள் கொளஞ்சியம்மாள், தெருவில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.