ஒருமனதாக, இருநூறு பிரதிகள்

கூட்டம் சனிக்கிழமை. அதில் இளைஞர்கள் என்ன பேசினார்கள், எதற்குக் கைதட்டினார்கள் என்கிற அறிக்கை வியாழக்கிழமையே அச்சுக்கடைக்கு வந்துவிட்டது.

கொண்டுவந்தவர் நகராட்சியின் இளைஞர் நல அதிகாரி. எதைக் கொண்டுவந்தாலும் அவசரம் என்பார். அதனால் கடையில் அவருக்கு அவசரம் என்றே பெயர். பெயர் வைத்தவள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவள். வீட்டில் இரண்டு பெண்களில் மூத்தவள், இருபது வயது.

"இருநூறு காப்பிம்மா. சனிக்கிழமை காலைல ஹால்ல இருக்கணும்."

"சார், கூட்டமே இன்னும் நடக்கலையே?"

"நடக்கத்தானே போகுது?"

பிள்ளை பிறக்குமுன் பெயர் வைப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணையும் சேர்த்தே எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஏழாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'ரவுண்டானாவில் ஊர்ப்பெயரை ஒளிரும் எழுத்துகளில் அமைப்பதே தங்களது தலையாய தேவை என இளைஞர்கள் உணர்ச்சி பொங்க எடுத்துரைத்தனர். (பலத்த கைதட்டல்.) தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வேறு கோரிக்கைகள் எதுவும் எழவில்லை.'

கடைசி வரி பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் கூட்டத்துக்கு அவளும் பெயர் கொடுத்திருந்தாள், ஒரு கோரிக்கையோடு. போன மாதம் நகராட்சி, காசில்லை என்று சொல்லி, தான் விட்டுவந்த இரவு எட்டரை மணி பஸ்ஸை நிறுத்தியது. தங்கை சின்னவள் மாலை வகுப்பில் எலக்ட்ரீஷியன் வேலை படிக்கிறாள். வகுப்பு முடிந்து லாரிகள் பறக்கிற சாலையோரமாக ஒன்றரை மணி நேரம் நடந்து வருகிறாள். அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "ஒண்ணாந்தேதிக்குள்ள பஸ் வரலைன்னா படிச்சது போதும், வீட்ல இரு."

சனிக்கிழமை ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். வருங்காலத் தூண்கள் என்று மேடையில் சொன்னார்கள். தூண் என்றால் நிற்கவாவது செய்யும். இவர்கள் வந்தது சான்றிதழுக்கு. சாய்ந்து உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல. பெரியவள் மூன்று முறை மைக் கேட்டாள். மூன்று முறையும் நேரமில்லை. வாழ்த்துரை வழங்க மட்டும் ஐந்து பேருக்கு நேரம் இருந்தது.

அவசரம் தீர்மானத்தை வாசித்து முடித்து, தன் நகைச்சுவையைத் தானே ரசித்தபடி கேட்டார்: "எதிர்க்கிறவங்க யாராவது இருந்தா கை தூக்கலாம்!"

பெரியவள் கையைத் தூக்கினாள்.

அவர் அதைப் பார்க்காதவர்போல் காகிதத்தை மடித்தார். ஆனால் மூலையில் நின்ற உள்ளூர்ச் செய்தியாளர் கேமராவை அவள் பக்கம் திருப்பிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், கேமராவில் விழுந்த கையை மறைப்பது கஷ்டம். அவசரம் இறங்கி வந்து அவள் காதருகே குனிந்தார்.

"என்னம்மா இது? எல்லாம் அச்சடிச்சாச்சே!"

"தெரியும் சார். நான்தானே அடிச்சேன்."

"ஒருமனதாகன்னு போட்டிருக்கும்மா!"

"அதுக்குத்தான் தூக்கியிருக்கேன்."

"சரி, உனக்கு என்ன வேணும்? சொல்லு."

"எட்டரை மணி பஸ்."

"அவ்வளவுதானா? திங்கக்கிழமையே ஓட வைக்கிறேன். கையை மட்டும் இறக்கிடு."

அவள் கை இறங்கியது. காது வரைக்கும் இறங்கிவிட்டது. திங்கட்கிழமை என்றால் ஒன்றாந்தேதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. சின்னவள் படிப்பை முடித்துவிடுவாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. காசில்லை என்று நிறுத்திய பஸ்ஸுக்கு, ஒரு கையை இறக்கினால் காசு வந்துவிடுமாம். பிச்சை போடுகிறவர் தட்டிலிருந்து திரும்ப எடுக்கவும் செய்வார். அப்போது ஏழாம் பக்கத்தைக் காட்டுவார், பஸ்ஸை யாருமே கேட்கவில்லையே என்று. காது வரை வந்துவிட்ட தன் கையை ஒருமுறை பார்த்தாள்.

எழுந்து நின்று கையை நேராக உயர்த்தினாள். மைக் தேவைப்படவில்லை.

"கையை இறக்கினா எட்டரை மணி பஸ்ஸை விடறேன்னு சார் சொல்றார். காசில்லைன்னு நிறுத்தின பஸ். வேற யாருக்காவது ஏதாவது வேணும்னா நீங்களும் தூக்குங்க, இப்பவே கேட்டுடலாம்!"

மூன்று கைகள் எழுந்தன. ஒரு டெலிவரிக்காரன், ஒரு நர்சிங் மாணவி, அதுவரை குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒருத்தன். மற்ற முப்பத்தாறு தூண்களும் சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்பதுபோல் மேடையைப் பார்த்தன.

தீர்மானம் நிறைவேறியது. ஆனால் கேமரா இருந்ததால், அவசரம் ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து இருநூறு பிரதிகளிலும் 'ஒருமனதாக' என்பதைப் பேனாவால் அடித்து, 'ஆதரவு 36, எதிர்ப்பு 4' என்று எழுத வேண்டியதாயிற்று. 'வேறு கோரிக்கைகள் எதுவும் எழவில்லை' என்பதையும் அடித்து, 'எட்டரை மணி பஸ்' என்று எழுதினார். கடைசிப் பிரதி வரைக்கும் பெரியவள் பக்கத்திலேயே நின்றாள்.

வீட்டில் சின்னவள் எல்லாவற்றையும் கேட்டாள். கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இறக்கியிருக்கலாம்லக்கா."

பஸ் வரவில்லை. ஒன்றாந்தேதி சின்னவள் வகுப்பை நிறுத்தினாள், மூன்று மாதம் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ரவுண்டானாவில் எழுத்துகள் ஒளிர்ந்தன. முதல் மழையில் இரண்டு எழுத்துகள் அணைந்தன.

அடுத்த வருடமும் ஒரு வியாழக்கிழமை அவசரம் கடைக்கு வந்தார். உரைகள், உணர்ச்சிப் பொங்கல், கைதட்டல் எல்லாம் தயாராக இருந்தன. ஏழாம் பக்கத்தில் மட்டும் விரலை வைத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இங்க ஆதரவு, எதிர்ப்புன்னு போட்டு, பக்கத்துல காலியா விட்டுடும்மா. கூட்டம் முடிஞ்சதும் எழுதிக்கிறேன்."

"கோரிக்கைக்கும் இடம் விடணுமே சார்?"

"...விடு."

அவர் போனதும் பெரியவள் எதிர்ப்புக்கான காலி இடத்தை இரண்டு இலக்கம் பிடிக்கிற அளவுக்கு நீட்டினாள். இந்த வருடம் சின்னவளும் பெயர் கொடுத்திருந்தாள்.