பண்டிதர் அனுப்பிய அரை வரி

முதல் பள்ளத்தைக் கண்டவுடன் திரும்பிவிட்ட நத்தையொன்று, உலகத்தின் எல்லையையே தொட்டுவந்ததாகக் காடெங்கும் பறைசாற்றியதாம். அந்த நத்தைக்காவது பின்னாளில் வெட்கம் வந்திருக்கும்.

இணைய அரட்டை அறையில் இந்தக் கதையின் நாயகருக்குப் 'பண்டிதர்' என்று பெயர். சூட்டிக்கொண்டவரும் இவரேதான். கணினிக்கு வேலை சொல்லும் ஸ்கிரிப்ட் நாலு வரி எழுத வந்ததும் தலைகால் புரியாமல் போயிற்று.

அன்று இவர் மனைவியின் தங்கை, அறிவிப்பாளர் வேலைக்காகத் தன் குரல் பதிவை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் வாய்ப்புப் போய்விடும். வானொலி நிலையச் செயலாளர் அந்த அரட்டை அறையில்தான் காத்திருந்தார். அங்கே கோப்புகள் போகா. எழுத்துகள் மட்டுமே போகும். ஒலியை எழுத்துகளாக மாற்றி அனுப்பினால், மறுமுனையில் அவர் மீண்டும் ஒலியாக்கிக்கொள்வார். அதற்குத் தம் ஸ்கிரிப்ட் இருக்கும்போது கவலை எதற்கு என்று பண்டிதர் பொத்தானை அழுத்தினார்.

அரை வரிதான் வந்தது, அதில் ஒலியே இல்லை என்று செயலாளர் எழுதினார்.

பண்டிதர் சாய்ந்த நாற்காலியிலிருந்து நிமிரவுமில்லை. "நான் எழுதினதுல தப்பு வராது. உன் பேச்சுதான் சரியாப் பதிவாகலை."

பக்கத்தில் நின்றிருந்த தங்கை பதிவை ஓடவிட்டாள். கூடம் நிறையக் கணீரென்று ஒலித்தது. பிறகு ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தாள். தரவை வைத்துக்கொள்ளும் பெட்டி போன்ற 'மாறி'களில், எழுத்துகளை மட்டும் தாங்கும் ஒன்றில் ஒலியின் பைட்டுகளைப் பண்டிதர் கொட்டியிருந்தார். சுழி, அதாவது பூஜ்ய மதிப்புள்ள பைட்டைக் கண்டால் அந்த மாறி, கதை முடிந்தது என்று நின்றுவிடும். ஒலிக்கோப்பிலோ அத்தகைய சுழிகள் ஏராளம்.

"எதை வெச்சு அத்தான் சோதிச்சீங்க?"

"என் பேரை வெச்சுத்தான். அச்சு அசலா திரும்பி வந்துச்சே."

"உங்க பேரு வெறும் எழுத்து அத்தான். என் குரல் அப்படி இல்லையே."

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா தலைநிமிரவில்லை. "தன் பேரைத் தாண்டி இவர் எதைத்தான் பார்த்திருக்கார்?"

தங்கை பைட்டுகளை, எந்த மதிப்பையும் தாங்கும் பைனரி மாறிக்கு மாற்றி, எழுத்தாக்கி, வரி வரியாக அனுப்பினாள். வெளிச்சம் மங்குவதற்குள் பதில் வந்தது: "குரல் முழுசா கிடைச்சுது. திங்கட்கிழமை நேர்ல வாங்க."

அதன் கீழே பண்டிதர் அவசரமாகத் தட்டினார்: "ஸ்கிரிப்ட் என்னுடையது."

"அப்ப, முதல்ல வந்த அந்த அரை வரியும் உங்களோடதுதானா?" என்று கேட்டார் செயலாளர்.

பண்டிதர் அறையை விட்டு வெளியேறினார் என்று திரையில் ஒரு வரி தோன்றியது. அந்த வரி மட்டும் முழுமையாக வந்திருந்தது.