திருச்சுழி ரோட்டில் இரண்டு கார்கள்

பஞ்சு வியாபாரி தனுஷ்கோடிக்கு 1968இல் கார் ஆசை பிடித்தது. விலைக்கு நின்றவை இரண்டு: அருப்புக்கோட்டைத் தறிக்காரர் திம்மையாவின் பச்சை லேண்ட்மாஸ்டர், காரியாபட்டி ஐயாத்துரையின் வெள்ளை ஃபியட். இரண்டும் பத்து வருஷம் ஓடிக் களைத்தவை. ஒரு வாரம் குழம்பியவர், கடைசியில் மனைவி முத்துமாரியம்மாளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். திருச்சுழிக்குப் பச்சையில் போவது, வெள்ளையில் திரும்புவது. மற்ற வண்டி பின்னாலேயே வர வேண்டும்.

பச்சை வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியதே தெரியவில்லை. ஆனால் திம்மையா ஸ்டீரிங்கை அரைச் சுற்றுச் சுற்றிய பிறகுதான் சக்கரம் யோசித்துத் திரும்பியது. எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தபோது, மாடுதான் முதலில் விலகியது.

“வேகம் இவ்வளவுதானா?” என்றார் தனுஷ்கோடி.

“திருச்சுழி எங்கயும் ஓடிப் போகாது அண்ணாச்சி,” என்றார் திம்மையா.

பின்சீட்டில் முத்துமாரியம்மாள் குறட்டை விட்டாள்.

திரும்பும்போது ஃபியட் பறந்தது. ஐயாத்துரை விரலால் தொட்டால் வளைந்தது. பிரேக்கை மிதித்தால் நட்டுவைத்தாற்போல் நின்றது. தனுஷ்கோடிக்கு இருபது வயது குறைந்துவிட்டது. பள்ளத்துக்குப் பள்ளம் தலை கூரையில் இடித்ததைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை.

“இதான் வண்டி!” என்றார்.

“இறங்குனதும் என் இடுப்பைத் தேடிக் குடுங்க,” என்றாள் மனைவி.

பாதி வழியில் ஓர் அம்மாள் ரோட்டுக்கு நடுவே வந்து கையை ஆட்டினாள். வேப்பமரத்தடியில் அவள் மருமகள் பொன்னுத்தாய் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். பஸ்ஸைக் காணோம்.

ஐயாத்துரை கதவைத் திறந்தார். “ஏறச் சொல்லுங்க, கால் மணி நேரத்துல ஆஸ்பத்திரி!”

“இந்த வண்டிலயா? ரெண்டாவது பள்ளத்துலயே பெத்துருவா,” என்று தடுத்தாள் முத்துமாரியம்மாள். “பெரிய வண்டி வரட்டும்.”

பச்சை வண்டி நிதானமாக வந்து சேர்ந்தது. பெண்கள் மூவரும் அதில் ஏறினார்கள். ஃபியட் முன்னால் ஓடி, ஹாரன் அடித்து ஆடுகளையும் வண்டிகளையும் ஒதுக்கியது. தனுஷ்கோடி ஜன்னல் வழியே துண்டை வீசிக் கத்திக்கொண்டே வந்ததில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் திம்மையா வண்டியை நிறுத்தவும், பின்சீட்டில் குழந்தை அழவும் சரியாக இருந்தது. பெண் குழந்தை. நர்சுகள் ஓடி வந்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம்.

“என் வண்டில ஏத்தியிருந்தா கட்டில்ல பெத்திருப்பா,” என்றார் ஐயாத்துரை.

“உங்க வண்டில ஏத்தியிருந்தா பிள்ளை உங்களுக்கு முன்னால ஓடி வந்துருக்கும்,” என்றார் திம்மையா.

தனுஷ்கோடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேகமாவது ஒன்றாவது! “திம்மையா, பச்சை வண்டியையே நான் எடுத்துக்கிறேன்,” என்றார் கம்மிய குரலில்.

திம்மையா பின்சீட்டைப் பார்த்தார். வண்டியின் முதுகைத் தடவிக்கொடுத்தார். “மன்னிக்கணும் அண்ணாச்சி. மகாலச்சுமி பிறந்த வண்டி. இனிமே இதைக் குடுக்க மாட்டேன்.”

எவ்வளவு கெஞ்சியும் மனிதர் மசியவில்லை. மறுநாள் தனுஷ்கோடியின் வாசலில் வந்து நின்றது ஃபியட்தான். முத்துமாரியம்மாள் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்னைக்கு நான் திம்மையா வண்டில வாரேன். நீங்க இதுல முன்னாடி போயி, நான் வந்துக்கிட்டிருக்கேன்னு சொல்லி வையுங்க.”