குழாயில் இடித்த கண்

"அசையாதீங்கம்மா," என்றார் டாக்டர். முகத்தைத் துணி மூடியிருக்க, ஒரு கண் மட்டும் திறந்து படுத்திருந்தாள் தையல்காரி. மரத்துப்போன கண்ணில் வலி இல்லை. கண்புரையை எடுக்க ஆரம்பித்துச் சற்று நேரத்தில் டாக்டரின் குரல்தான் மாறியது. "லென்ஸ் ஆடுது சிஸ்டர். தாங்குற இழையெல்லாம் ஒரு பக்கம் அறுந்திருக்கு. ரிங் எடுங்க." பிறகு குனிந்து, "இந்தக் கண்ல எப்பவாவது பலமா அடிபட்டுதாம்மா?" என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்: குளியலறைக் குழாயில் இடித்துக்கொண்டேன். கணவர் சொல்லிக்கொடுத்த பதில். பிரம்பையே தொடாத வாத்தியார் என்று பேரெடுத்தவர் அவர். அவர் சட்டைக்கு அவள் தைத்த பொத்தான் ஒன்று நிறம் மாறிப்போனதற்கு, வீட்டில் பித்தளைப் பூட்டை எடுத்து அவள் முகத்தில் எறிந்தார். மகள் குழாய்க் கதையை நம்பியே வளர்ந்தாள். "அம்மாவுக்குப் பாத்து நடக்கவே தெரியாது" என்று அப்பாவோடு சேர்ந்து சிரிப்பாள். பூட்டைவிட அந்தச் சிரிப்புதான் பலமாக விழுந்தது.

"பட்டுது டாக்டர்."

"எதுல?"

"வெளிய என் வீட்டுக்காரரும் பொண்ணும் இருக்காங்க. அவங்க முன்னாடி கேளுங்க. சொல்றேன்."

 டாக்டர் லென்ஸைச் சுற்றியிருந்த தளர்ந்த பைக்குள் வளையத்தைச் செலுத்தி, அதை விரித்து நிறுத்தி, புரையைத் துளித்துளியாக உடைத்து எடுத்தார். அரைமணி வேலை ஒன்றரை மணியானது. அவள் மூச்சைக்கூட அளந்து விட்டாள். கண் போனாலும் போகட்டும், வாய் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே டாக்டர் சொன்னார்: "புது லென்ஸ் வெச்சாச்சு. ஆனா பழைய அடி ஒண்ணு இருக்கு. எப்படிப் பட்டுது?"

கணவர் முந்திக்கொண்டார். "குழாய்ல இடிச்சுக்கிட்டா சார். இவ எப்பவுமே…"

"பூட்டு," என்றாள். "இவர் எறிஞ்சது. எழுதிக்கோங்க டாக்டர்."

மகள் சிரிக்க வாயைத் திறந்து, அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஜமாவாம்மா?"

"உங்கப்பாவக் கேளு."

அவர் பாவம் என்று தோன்றுமோ என்று தையல்காரி காத்திருந்தாள். தோன்றவில்லை. தித்தித்தது.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து, ஒரு மாதத்துக்கு. "நான் விடறேம்மா" என்று மகள் பாட்டிலை எடுத்தாள்.

"நீ இரு. அப்பா விடட்டும்."

அவர் பாட்டிலை வாங்கினார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்து வழிந்தது.

"கண்ணப் பாத்து விடுங்க," என்றாள் அவள், இமைக்காமல். மகள் பாட்டிலின் மூடியை உள்ளங்கையில் இறுக்கியபடி, அப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.