உறையில் வேறு எண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை திருடியது. 1998 கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊர் ஜோகுபாளையத்தில் நண்பர் ஆம்ப்ரோஸ் வீட்டில் மூக்குப்பிடிக்கத் தின்றேன். போதாதென்று அவர் அப்பாவின் ஜப்பான் வாளையும் மனசுக்குள் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'பர்மாக் காட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்த...' [அடித்தாயிற்று. ஓசூரைத் தாண்டியறியாதவனுக்கு பர்மா மழை எதற்கு?]

இரண்டாவதில், நானூறு வருடப் பரம்பரைக் கொல்லர் ஒருவர் அந்த வாளை அடித்தார். அவருக்கு வெள்ளைத் தாடிகூட வைத்திருந்தேன்.

3

நடந்தது இதுதான். ஆம்ப்ரோஸின் அப்பா யூஜின், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர், வயது எண்பது. பர்மா யுத்தத்தில் சரணடைந்த ஜப்பான் கர்னல் ஒருவர் உறையோடு இரண்டு கையாலும் நீட்டிய வாள் என்று எல்லோரிடமும் சொல்வார். அடுத்த ஈஸ்டருக்குள் படுக்கையில் விழுந்துவிட்டார்.

"நான் போறதுக்குள்ள அந்தாளு வீட்டுக்கு இதை அனுப்பிடணும். பேரைக் கண்டுபிடிடா" என்று மகனை நச்சரித்தார்.

ஆம்ப்ரோஸ் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, ஜப்பான் வாள் பார்க்கத் தெரிந்த ஒருவருக்குப் படம் அனுப்பினார். பதில் வந்தது. கர்னல் வாள் இல்லை, சார்ஜென்ட்டுகளுக்காக ஃபாக்டரியில் செய்தது. செய்தவர் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். கத்தியிலும் உறையிலும் ஒரே எண்ணா என்று பாருங்கள். (என் கொல்லருக்கு அன்றே வேலை போயிற்று, தாடியோடு.)

கத்தியில் எண் பளிச்சென்று இருந்தது. உறையில்தான் சிக்கல். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சும் பச்சைப் பெயிண்டை யூஜின் உறைக்கும் பூசிவிடுவார். ஆம்ப்ரோஸின் மனைவி மௌரீன் தின்னர் போட்டுத் துடைத்தாள்.

"ஏங்க, இது வேற நம்பரு."

ஒரே ஆள் உறையோடு நீட்டிய வாளுக்கு எப்படி இரண்டு எண்?*

* சரணடைந்தவர்கள் போட்ட குவியலில் மாறியிருக்கலாம் என்றும் பதிலில் இருந்தது. ஆம்ப்ரோஸ் அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தார்.

4

ஏதோ ஒரு ஜப்பான் பெயரைச் சொல்லி அப்பாவை நிம்மதியாக வழியனுப்பியிருக்கலாம். அந்த முடிவை எழுதியே வைத்திருந்தேன், அழுகை நிச்சயம். ஆம்ப்ரோஸ் கெடுத்துவிட்டார்.

"டாடி, கத்தியில ஒரு நம்பரு, உறையில ஒரு நம்பரு. குவியல்ல மாறிடுச்சா?"

யூஜின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"குவியலெல்லாம் இல்லடா. ரெண்டு பேரு இருந்தாங்க."

அந்த இரண்டு பேரும் என்ன ஆனார்கள் என்ற அடுத்த கேள்வியை ஆம்ப்ரோஸ் கேட்கவில்லை. அவருக்குப் பயம். எழுதுகிற எனக்கு அதைவிடப் பயம், அதனால் இதற்குக் கீழே அரைப்பக்கம் வெறுமனே விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தைரியம் இருந்தால் நீங்கள் கேளுங்கள். யூஜினுக்குக் காது மந்தம், கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டியிருக்கும்.