ஒற்றை விதைப் பன்றி

நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு அரைப் பன்றி போக வேண்டும். அதற்கென்றே சுன்ஹுவா எட்டு மாதம் வளர்த்த பன்றி கொட்டிலில் நின்றது. முப்பது வருஷமாக யுன்லின் வட்டாரத்தில் பாதிப் பண்ணைகளின் பன்றிகளுக்குக் காயடிக்கிறவள் அவள். அவள் கத்தியைக் குறை சொன்னவர் இல்லை.

பன்றியைப் பார்க்க வந்த பெண்ணின் அம்மா, சம்பந்தி பீஷியா, மூக்கைச் சுளித்தாள். அவளும் பண்ணைக்காரிதான்.

"சம்பந்தியம்மா, காயடிக்காத கடா வாடை அடிக்குதே."

"உங்களுக்கு ஜலதோஷம்."

"வாயில நுரை தள்ளுது பாருங்க. இந்தக் கறியை எங்க சொந்தக்காரங்க வறுத்தா தெருவே மூக்கைப் பொத்தும்."

"குட்டியா இருந்தப்ப என் கையால விதை எடுத்தேன்."

"ரெண்டையுமா?"

சுன்ஹுவாவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று ஒன்றுதான் கையில் அகப்பட்டது. மற்றதை முன்பே நாய்க்கு வீசிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். நாயும் சப்புக்கொட்டிக்கொண்டுதான் நின்றது.

"சோதிச்சிடுவோம்" என்றாள் பீஷியா. பக்கத்துக் கொட்டிலில் பருவத்திலிருந்த பெட்டைப் பன்றியின் முதுகை அமுக்கினாள். அது விலகி ஓடியது. நிச்சயப் பன்றியைக் கம்பியோரமாக நடத்தி, மறுபடி அமுக்கினாள். கடா வாடை பட்டதும் பெட்டை இணைக்கு நிற்பதுபோல் கல்லாய் நின்றது. பீஷியா அதன்மேல் ஏறியே உட்கார்ந்துவிட்டாள்.

"போதும், இறங்குங்க."

தடுப்பூசி போட வந்திருந்த கால்நடை டாக்டர் யே சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இன்னொண்ணு வயித்துலயே தங்கிடுச்சு, அக்கா."

"உள்ளே சூட்டுல வெந்துபோயிருக்காதா?" என்றாள் சுன்ஹுவா.

"விந்து செய்யற செல்லுதான் சூடு தாங்காது. ஹார்மோன் செல்லு தாங்கிக்கும். வயசு வந்ததும் மூளை அதுக்கு உத்தரவு அனுப்பும். ஒண்ணை நீங்க எடுத்துட்டீங்களா, மிச்சம் இருக்கறதை மூளை விரட்டி விரட்டி வேலை வாங்குது. வாடையும் அந்த செல்லுங்க கைவேலைதான்."

"ஒத்தை ஆளு ரெண்டாள் வேலை பாக்குதா?" என்றாள் பீஷியா.

"ஆமா. குட்டி மட்டும் உண்டாகாது."

சுன்ஹுவா குரலைத் தாழ்த்தினாள். "ஊர்ல சொல்லிடாதீங்க, சம்பந்தியம்மா. அப்புறம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க."

பீஷியா பன்றியைச் சுற்றிவந்தாள். "சினை ஊசி போடுமுன்ன எங்க பெட்டைங்களுக்கு வாசனை காட்ட ஒரு கடா தேடிட்டிருக்கேன். கம்பியைத் தாண்டிக் குதிச்சாலும் வம்பு பண்ணாத கடா எங்க கிடைக்கும்? இதை உசிரோட அனுப்புங்க. சம்பந்தியம்மா எனக்காக வேணும்னே ஒண்ணை விட்டுவெச்சாங்கன்னு சொல்லிக்கறேன்."

"அப்ப நிச்சயத்துக் கறி?"

"அதுக்கு வேற பன்றி."

"ரெண்டு பன்றியா?"

"ஒண்ணு என் பொண்ணுக்கு. இன்னொண்ணு என் வாயை அடைக்க."

சுன்ஹுவா அடுத்த கொட்டிலுக்குள் நுழைந்தாள். கொழுத்த ஒன்றைப் பிடித்து நிறுத்தி, முதல் வேலையாக அதன் வாயை மோந்து பார்த்தாள்.